ரிலீவர் வரல

எங்க தெருவுல நேவின்னா ஒரே அர்த்தம்தான். சரக்குக் கப்பல். ராயபுரத்துல கடல் பக்கமா இருக்கிற எந்தச் சந்துல வேணா நுழைஞ்சு, உங்க புள்ள இன்னா பண்றான்னு கேட்டுப் பாருங்க. நாலு வூடு தாண்டுறதுக்குள்ள ஒரு அம்மா நெஞ்சை நிமித்திகினு நேவின்னு சொல்லும். அந்தப் புள்ள கப்பல்ல சோறாக்குவான், இல்ல தரை கழுவுவான், இல்ல இன்ஜின் ரூம்ல எண்ணெய் துடைப்பான். எதுவா இருந்தா இன்னா, நேவி. கப்பல் ஏறுறதுக்கு சைன் ஆன்னு பேரு, வேலை முடிச்சு இறங்குறதுக்கு சைன் ஆஃப். இறங்கணும்னா அவன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்து ஏறணும். அந்த இன்னொருத்தன்தான் ரிலீவர். ரிலீவர் வராம கல்யாணம் தள்ளிப் போன வூடுங்க எங்க தெருவுலயே கீது. பள்ளிக்கூடம் பக்கம் போகாத பொம்பளைங்க கூட இந்த மூணு வார்த்தையை மட்டும் டாண் டாண்னு சொல்வாங்க.

பீரங்கி வச்சிகினு போற கப்பல் கீதே, அதுல வேலை செய்றவன நாங்க நேவின்னு சொல்ல மாட்டோம். அவன் மிலிட்டரி. எங்க வூடு மாட்டிகினது இந்த ஒரு வார்த்தையிலதான்.

என் தம்பி வெளிநாட்டுல இருந்தான். எந்த நாடுன்னு எழுத மாட்டேன். அந்தப் பேரு டிவில வந்தாலே இன்னிக்கும் எனக்கு ஆவாது, நானே எதுக்கு உக்காந்து எழுதணும்? டிப்ளமா முடிச்சிட்டு மேல படிக்கிறேன்னு போனவன், ஓட்டல்ல பாத்திரம் கழுவி, கார் ஷெட்ல வேலை பாத்து, எப்போ புடிச்சு ஊருக்கு ஏத்தி வுடுவாங்களோன்னு பயந்துகினே காலத்தை ஓட்டினான். ஒரு நாள் போன் பண்ணான். நான் ஸ்பீக்கர்ல போட்டேன். நேவில சேர்ந்துட்டேம்மா, இன்ஜின் ரூம் வேலை, இனிமே என்னை இங்கருந்து யாரும் அனுப்ப முடியாதுன்னான்.

அம்மா நெத்தியில சிலுவை போட்டுகினு மாதா படத்துக்கு முத்தம் குடுத்துச்சு. உடனே ரவை வறுத்து கேசரி கிண்டிடுச்சு. எதிர் வூட்டு அக்காவோட புள்ளையும் நேவி, கப்பல்ல சமையல் வேலை. அந்தக்கா கேசரியை வாங்கி வாயில போட்டுகினே, ஒம்பது மாசம் கான்ட்ராக்ட்டான்னு கேட்டாங்க. அம்மா ஆமான்னுச்சு. அவன் அப்படி ஒண்ணும் சொல்லவே இல்ல. நேவின்னா ஒம்பது மாசம்னு எங்க எல்லாருக்கும் தெரியும், அதனால நானும் ஆமான்னுதான் நெனச்சேன்.

அம்மா அவ்ளோ சந்தோஷப்பட்டதுக்குக் காரணம் கீது. எங்க நைனா காசிமேட்டுல இருந்து போட்ல மீன் புடிக்கப் போறவரு. நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போயிகினு இருந்தப்போ, ஒரு நாள் போனவரு வரல. கடல் எடுத்தா மூணாம் நாள் குடுத்துடும்னு எங்க பக்கம் சொல்வாங்க. கூடப் போனவங்களைக் குடுத்துச்சு, நைனாவ குடுக்கல. கல்லறைத் திருநாளன்னிக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியும் எடுத்துகினு கல்லறைக்குப் போவும். எங்களுக்குப் போக ஒரு கல்லறை இல்ல. அம்மா கடலோரம் கொட்டி வச்சிருக்கிற கருங்கல்லு மேல மெழுகுவத்தி ஏத்தும். காத்து அணைச்சிடும், திரும்ப ஏத்தும். வூட்டுக்கு வர்ற வழியில தம்பி கையைப் புடிச்சிகினு வருஷா வருஷம் அதே பேச்சு. மீன் புடிக்கிற போட்ல மட்டும் கால் வைக்காதடா, கப்பலுக்குப் போறதுன்னா போ, இரும்புக் கப்பல் முழுவாது.

எனக்கு விஷயம் தெரிஞ்சது அவன் லீவுல வந்தப்போதான். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸு, சாப்பிட வண்டிக் கடைக்குக் கூட்டிகினு போனேன். அங்க இதைச் சாப்பிட நாக்கு ஏங்கிச்சுக்கான்னு சொல்லிகினே ரெண்டாவது தட்டு வாங்கினான். அவன் கையில எண்ணெய், அதனால போனை நான் வாங்கி படம் பாத்துகினு இருந்தேன். பனி, ஃப்ரெண்ட்ஸு, மறுபடி பனி. அப்புறம் சாம்பல் கலர்ல ஒரு கப்பல், அதுக்கு முன்னாடி வெள்ளை யூனிபார்ம்ல இவன்.

"இன்னாடா இது, கப்பல் மேல பைப்பு நீட்டிகினு கீது?"

"பைப்பு இல்லக்கா. பீரங்கி."

நான் சிரிச்சேன், கிண்டல் பண்றான்னு. அவன் சிரிக்கல. தட்டைக் கீழ வச்சிட்டு, நான் பொய் சொல்லல, நேவின்னுதானே சொன்னேன், நீங்களா சரக்குக் கப்பல்னு நெனச்சிகினு கேசரி கிண்டிட்டீங்க, அம்மா அவ்ளோ சந்தோஷமா பேசுறப்போ எப்படிக்கா இல்லன்னு சொல்றதுன்னான். மிலிட்டரில சேந்தா அந்த ஊரு பேப்பர் குடுத்துடுவாங்களாம், அங்க இருக்கணும்னா அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதானாம். நடுத்தெருவுல அவனை அறைஞ்சிருப்பேன். கை ஓங்குற வரைக்கும் வந்துட்டேன். ஆனா அவன் கண்ணைப் பாத்தா, அம்மா கையைப் புடிச்சிகினு கருங்கல்லு மேல நின்ன பையனாட்டமே கீது. அம்மாவுக்கு மட்டும் தெரிய வாணாம்க்கான்னான். சரிடா பேமானின்னு திட்டிட்டு, அந்த அத்தோவை நான்தான் சாப்பிட்டு முடிச்சேன். அப்போ எந்தச் சண்டையும் இல்ல. பீரங்கி சும்மா அழகுக்கு இருந்துட்டுப் போவுதுன்னு என்னையே நான் தேத்திகினேன்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துக் கடல்ல சண்டை ஆரம்பிச்சிடுச்சு.

அதுக்கப்புறம் நான் பட்ட பயம் எதிராளிக்கும் வாணாம். நான் திருவொத்தியூர்ல லாரிங்களை எடை போடற வே பிரிட்ஜ்ல சீட்டு குடுக்கிறேன். கட்டிகினவனை விட்டுட்டு வந்து அம்மாவோட கீறேன், அது வேற கதை. வே பிரிட்ஜ்ல என்னைக் கண்டா ட்ரெய்லர் டிரைவருங்க பம்முவாங்க, அவ்ளோ வாய் எனக்கு. அப்படிப்பட்ட நான் கம்பெனில சங்கு ஊதினாத் தூக்கிப்போட்டு எழுந்திருக்க ஆரம்பிச்சேன். சாப்பாட்டு நேரத்துக்கு தினமும் ஊதுற சங்குதான். தம்பிக்கு வாட்ஸ்அப்ல சாப்டியான்னு ஒரு வார்த்தை போட்டு வைப்பேன். ஒத்த டிக்குல நிக்கும். கடல்ல இருக்கிறப்போ போனை வாங்கி வச்சிடுவாங்களாம். எங்கயாவது கரைக்கு வந்தாத்தான் ரெண்டாவது டிக்கு விழும். அது விழற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. விழுந்துடுச்சுன்னா, வண்டியை ஏறுமாறா நிறுத்துற டிரைவரைக் கூட அண்ணா கொஞ்சம் முன்னாடி எடுங்கன்னு மரியாதையா சொல்வேன்.

வூட்ல இன்னொரு பேஜாரு. அம்மா சீரியல் பாக்கும், நடுவுல நியூஸ் வரும். கப்பல் எரியுறதைக் காட்டுவான். நான் ஒரு நாள் டிவி பொட்டிக்குப் பின்னாடி கையை விட்டு ஒயரைப் புடுங்கி விட்டுட்டு, கேபிள்ல கோளாறுன்னு சொல்லிட்டேன். அம்மா சும்மா இருக்குமா? கேபிள்காரன் ஆபீஸ் வாசல்ல போய் நின்னு அவன் மானத்தை வாங்கிடுச்சு. அவன் பதறிகினு வந்து பாத்துட்டு, யாரோ ஒயரைப் புடுங்கி வுட்டுக்கீறாங்கம்மான்னு சொல்லி மாட்டிட்டுப் போயிட்டான். எலிதான்னுச்சு அம்மா. மறுநாள் எலிப்பொறி வாங்கி வச்சிடுச்சு. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்வாங்களே, நான் என் வூட்டுக்குள்ளயே எலி மாதிரி பதுங்கிகினு திரிஞ்சேன்.

டிவில பாத்தா மட்டும் அம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது? எரியுற கப்பலைப் பாத்து, பாவம் யார் பெத்த புள்ளைங்களோன்னு உச்சு கொட்டும். எம் புள்ள இருக்கிறது நேவி, மிலிட்டரி இல்லன்னு எங்கிட்டயே சொல்லும். நான் எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன்.

அம்மாவோட கவலையெல்லாம் வேற. எதிர் வூட்டு அக்காவோட புள்ள சைன் ஆஃப் ஆகி, மாவு மாதிரி வெளுத்துப் போய் ஊரு வந்து சேந்துட்டான். அந்தக் கடல் வழியாத்தான் வந்தானாம். வாசல்ல அவங்க அம்மா அவனைக் கட்டிப் புடிச்சிகினு அழுதாங்க. அம்மா அதைப் பாத்துட்டு உள்ள வந்து, இவனுக்கு ஒம்பது மாசம் எப்பவோ முடிஞ்சிருக்குமே, ஏன் இன்னும் சைன் ஆஃப் ஆவலன்னு கேட்டுச்சு. என் வாயில சட்டுனு வந்தது ஒண்ணுதான். ரிலீவர் வரலம்மான்னேன். அம்மா நம்பிடுச்சு. எங்க தெருவுல அதை நம்பாத அம்மா கிடையாது. அந்த ரிலீவர் பையன் எவனோ, அவனை நல்லாத் திட்டிச்சு. கல்யாண வூட்ல சாப்ட்டுகினு கிடக்கிறான் போல, சோம்பேறி நாய்னுச்சு.

தம்பி கரைக்கு வந்தப்போ ஒரு தடவை எனக்கு மட்டும் போன் பண்ணான். நான் வே பிரிட்ஜ்ல இருந்தேன். வெளிய ஆரன் சத்தம், ஒரு காதைப் பொத்திகினு கேட்டேன். எங்க இருக்கன்னு கேக்காதக்கான்னான். சரிடா, எப்படி கீறன்னு கேட்டேன்.

"பயமா கீதுக்கா. மேல இன்னா நடக்குதுன்னு கீழ எங்களுக்குத் தெரியாது. மணி அடிச்சா கதவை மூடிடுவாங்க."

"எந்தக் கதவுடா?"

"இன்ஜின் ரூம் கதவு. தண்ணியோ தீயோ மத்த எடத்துக்குப் போயிடக் கூடாதுன்னு."

அப்போ உள்ள இருக்கிறவங்க கதின்னு கேட்டேன். அது அப்படித்தான்க்கான்னான். வந்துடுறா, அந்த ஊரும் வாணாம் ஒண்ணும் வாணாம், இங்க ஒரு மெக்கானிக் ஷெட்டு போட்டுக்கலாம்னு அழுதேன். கண்ணாடிக்கு வெளிய சீட்டுக்குக் கையை நீட்டிகினு இருந்த டிரைவர் கையைப் பின்னாடி இழுத்துகினாரு. அப்போதான் அவன்கிட்ட கேட்டேன், அம்மா ரிலீவர் எப்போ வருவான்னு தினம் கேக்குது, உங்களுக்கு ரிலீவர்லாம் கிடையாதாடான்னு. அவன் சிரிச்சான். சண்டை நடக்கறப்போ எங்களுக்கு ரிலீவர் வந்தா ஒண்ணு ஆள் அடிபட்டிருக்கணும், இல்ல செத்திருக்கணும், அதனால ரிலீவர் வராம இருக்கட்டும்னு வேண்டிக்கக்கான்னான்.

அன்னிலேருந்து அம்மா கேக்கறப்பல்லாம் நான் ரிலீவர் வரலம்மான்னு சொல்றது பொய்யில்லாமப் போச்சு. ரிலீவர் வரலன்னா அவன் உசிரோட கீறான். அம்மா கேக்கும், நான் சொல்வேன், மனசுக்குள்ள மாதாவே வரவே வாணாம்னு சேத்துப்பேன். அம்மா அந்தாண்ட உக்காந்து ஜெபமாலை உருட்டிகினு, சீக்கிரம் ரிலீவரை அனுப்பு தாயேன்னு வேண்டும். ஒரே வூட்ல, ஒரே மாதா படத்துக்கு முன்னாடி, ரெண்டு பேரும் எதிரும் புதிருமா வேண்டிகினு இருந்தோம். அம்மா வேண்டினா பலிக்கும்னு தெருவுல ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதுவே பயமா இருந்துச்சு.

அப்புறம் ஒத்த டிக்கு ஒண்ணு விழுந்துச்சு. சாப்டியாதான் கேட்டிருந்தேன். அது அப்படியே நின்னுச்சு.

ரெண்டு பேரு ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு மீன் கொழம்பு கொதிக்கிற நேரத்துல வந்தாங்க. கார் எங்க சந்துல நுழையாது. முனையில நிறுத்திட்டு நடந்து வந்தாங்க. ஒரு ஆளு, வெள்ளைக்காரர், வெள்ளை யூனிபார்ம். கூட ஒரு அம்மா, கறுப்பு கோட்டு. தெருவே கதவைத் திறந்துகினு பாத்துச்சு. சரக்குக் கப்பல் கேப்டனும் போட்டோவுல வெள்ளைதான் போட்டுகினு இருப்பாரு. அம்மா கையில கரண்டியோட வெளிய வந்து பாத்துட்டு, கேப்டனே வூட்டுக்கு வந்துட்டாருடி, சைன் ஆஃப் தேதி சொல்ல வந்துக்கீறாங்கன்னுச்சு. முந்தானையால பிளாஸ்டிக் சேரைத் துடைச்சிப் போட்டுச்சு. எதிர் வூட்டு அக்காவைக் கூப்பிட்டு கலர் சோடா வாங்கியாரச் சொல்லிச்சு. அந்தக்கா ஓடுனாங்க.

அந்த ஆளு வாசப்படியிலேயே தொப்பியைக் கழட்டி கக்கத்துல வச்சிகினாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. கதவு நெலையைப் புடிச்சிகினு நின்னேன். கோட்டுப் போட்ட அம்மா இங்கிலீஷ்ல, உங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி யார் சொல்றதுன்னு கேட்டாங்க. என் இங்கிலீஷ் வே பிரிட்ஜ் இங்கிலீஷ், கிராஸ் வெயிட்டு நெட் வெயிட்டு. ஆனா அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை புரியாமப் போவல. எதுனா ஒண்ணு புரியாம இருக்கக் கூடாதான்னு ஏங்கினேன். கப்பல் மேல குண்டு விழுந்துச்சு. இன்ஜின் ரூம்ல தீ. கதவு மூடியிருந்துச்சு. உள்ள இருந்தவங்க யாரும் வரல. உங்களுக்குத் திருப்பிக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் மிஞ்சலன்னாங்க. கதவை மூடினதாலதான் மத்தவங்க பிழைச்சாங்க, கப்பல் கரை வந்து சேந்துடுச்சுன்னு அந்த ஆளு மெதுவா சொன்னாரு. எங்கம்மா அன்னிக்குச் சொன்னது சரிதான். இரும்புக் கப்பல் முழுவல.

அதுக்குள்ள கலர் வந்துடுச்சு. அம்மா டம்ளர்ல ஊத்தி அவங்க கையில குடுத்துச்சு. வாங்கிகினாங்க, குடிக்கல. இன்னா சொல்றாங்க, எப்போ வரானாம்னு என் முகத்தைப் பாத்துச்சு. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

"அவன் வரமாட்டாம்மா"ன்னேன்.

"ஏன், இன்னும் ரிலீவர் வரலியா?"

அதுக்கு மேல என்னால முடியல. அப்படியே தரையில உக்காந்து அம்மா காலைக் கட்டிகினேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். அது சரக்குக் கப்பல் இல்ல, மிலிட்டரிக் கப்பல்னு சொன்னேன். கதவு மூடுறதைச் சொன்னேன், தீயைச் சொன்னேன். ரிலீவர் வராம இருக்கணும்னு அவன் சிரிச்சிகினே சொன்னதையும் சொல்லிட்டேன். எதிர் வூட்டு அக்கா கலர் பாட்டிலோட வாசல்லயே நின்னுட்டாங்க. அம்மா கத்தல. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரொம்ப நேரம் அந்த ஆளு கக்கத்துல இருந்த தொப்பியையே பாத்துகினு இருந்துச்சு. கொழம்பு அடிப்புடிச்ச வாசனை வந்தப்போ அந்தக்காதான் உள்ள ஓடி அடுப்பை அணைச்சாங்க.

அப்புறம் அம்மா என் தோளைத் தொட்டுச்சு.

"அவரைக் கேளு. அவன் எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களான்னு கேளு."

எதுக்கும்மான்னேன். கேளுடின்னுச்சு. கேட்டேன். கப்பலை ரிப்பேர் பண்ணிகினு கீறாங்க, இன்ஜின் ரூமுக்கு வேற ஆளுங்க வந்துட்டாங்க, மறுபடி போகும்னாரு. நான் அதைத் தமிழ்ல சொன்னேன். அம்மா, இவன் எடத்துக்கு வந்த புள்ள பேரு இன்னான்னு கேட்டுச்சு. அதைச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அவனுக்கு அம்மா கீதான்னு கேட்டுச்சு. அவருக்குத் தெரியல. தெரியாதுன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சிகினாரு.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கருங்கல்லு மேல ரெண்டு மெழுகுவத்தி ஏத்தினோம். காத்து அணைச்சுது, நான் கையால மறைச்சிகினு நின்னேன். சண்டை இன்னும் முடியல. டிவி ஒயரை இப்போ யாரும் புடுங்கறதில்ல. அம்மா சீரியல் பாக்கிறதை விட்டுடுச்சு, நியூஸ்தான் பாக்குது. அந்தக் கப்பல் பேரை என்னைக் கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. இங்கிலீஷ் பேரு, வாயில கோணலா வருது, ஆனா நியூஸ்ல சொன்னா புடிச்சிடும். எனக்குப் பயம் போயிடும்னு நெனச்சேன், இனிமே போறதுக்கு இன்னா கீதுன்னு. போவல. முகம் தெரியாத ஒருத்தன் அந்த ரூம்ல என் தம்பி நின்ன எடத்துல நின்னுகினு கீறான். மணி அடிச்சா அவனுக்கும் கதவை மூடுவாங்க.

ஜெபமாலை முடிச்சதும் அம்மா தினமும் என்னைக் கேக்கும். நான் வேலையிலருந்து வந்து செருப்பைக் கழட்டிகினு இருப்பேன்.

"அந்தப் புள்ளைக்கு ரிலீவர் வந்துட்டானாடி?"

எனக்கு இன்னா தெரியும்? யாரைப் போய் கேப்பேன்? ஆனாலும் சொல்வேன், வரலம்மா. வரக் கூடாதுன்னு சொல்லிட்டு அம்மா ஜெபமாலையை முத்தம் குடுத்து ஆணியில மாட்டும்.